மாமனாரின் படகு, மருமகனின் பொறுப்பு: திரும்பி வந்த பயணத்துக்கு யார் காசு கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து 38 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால், ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். நீளமான கடிதம். சாரம் இதுதான்:

அவர் ஓட்டுவது மாமனாருக்குச் சொந்தமான, இரண்டு அவுட்போர்ட் எஞ்சின் பொருத்திய மீன்பிடிப் படகு. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கமிருந்து வருகிறவர்களைக் காசுக்குக் கடலுக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் போட வைப்பது தொழில். மச்சான் வாட்ஸ்அப்பில் முன்பதிவு வாங்குகிறார். கூட்டா, டொராடோ மீன்கள் ஓடும் கோடைக் கடைசி மாதங்கள்தான் வருமானக் காலம்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆறு பேர் வந்திருந்தார்கள். பேசியது ஏழு மணி நேரம். காலையில் வடகிழக்குக் காற்று, பிற்பகல் 3 மணிவாக்கில் தென்மேற்குக்குத் திரும்பி பலமாகும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. விடிகாலை 5.30க்குப் படகு இறங்கியது. 8.30க்கு வடகிழக்குக் காற்று திடீரென்று நின்றுவிட்டது. காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டே இருந்தது, தெற்கே அடிவானத்தில் ஒரு மேகப்பட்டை. "ரேடியோவில் மாமாவிடம் சொன்னேன். 'மூணு மணிக்குத்தானே காத்து? பன்னெண்டு வரைக்கும் இரு' என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, திருப்பிவிட்டேன்." 9.30க்குக் கரை. காற்று வந்தது 2 மணிக்கு. அதுவரை நல்ல வெயில். வந்தவர்கள் கடற்கரையிலேயே சண்டை போட்டிருக்கிறார்கள். மாமனார் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை மருமகனின் கூலியில் பிடித்துக்கொண்டார். ஈஸ்டர் விடுமுறை நான்கு நாளும் முன்பதிவு நிறைந்திருக்கிறது. "போகச் சொன்னா போகணும், முடியாதுன்னா வேற ஆளைப் பாக்கறேன்" என்பது மாமனாரின் கடைசி வார்த்தை.

அவர் கேட்பவை: கூலியில் பிடித்தது சரியா? மாமா போகச் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டுமா? "எல்லார்கிட்டயும் இண்டெம்னிட்டி படிவத்துல கையெழுத்து வாங்கறோம், என்ன ஆனாலும் நம்ம தலையில விழாது" என்று மச்சான் சொல்வதை நம்பலாமா? போகிற போக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: "பணம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால், பிடித்த மீனை விற்றுப் பெட்ரோல் செலவைச் சமாளிக்கிறோம்."

* * *

தம்பி, நீங்கள் கேள்வியாகக் கூடக் கேட்காத அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே சந்தேகத்துக்கு இடமில்லாமல் சட்டத்தை மீறும் விஷயம் அது ஒன்றுதான். உங்கள் படகில் வருகிறவர்கள் பொழுதுபோக்கு மீன்பிடி பெர்மிட் எடுத்துப் பிடிக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் கடல்வாழ் உயிர்வளச் சட்டத்தின்படி அந்தப் பெர்மிட்டில் பிடித்த மீனை விற்கக் கூடாது. ஒரு கூட்டாவை ஓட்டலின் பின்வாசலில் கொடுத்துவிட்டு இருநூறு ரேண்ட் வாங்கினாலும் அது விற்பனைதான். அபராதத்தோடு போகாது, படகையும் எஞ்சினையும் பறிமுதல் செய்யவும் அந்தச் சட்டத்தில் வழியுண்டு. பெட்ரோல் காசுக்காகப் படகையே பணயம் வைக்காதீர்கள். இன்றோடு நிறுத்திவிடுங்கள். சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

நீங்கள் அவசரப்பட்டீர்களா?

இதை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் "காற்று வந்தது 2 மணிக்குத்தான்" என்பதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உள்ளுக்குள் அது உறுத்துகிறது என்று தெரிகிறது.

கவனக்குறைவு இருந்ததா என்று நம் நீதிமன்றங்கள் பார்க்கும் முறை, 1966ஆம் ஆண்டின் க்ரூகர் எதிர் கூட்சியே வழக்கிலிருந்து வருவது. நியாயமான ஒரு மனிதர் அந்த இடத்தில், அந்த நேரத்தில், தீங்கு வரக்கூடும் என்று முன்கூட்டி உணர்ந்திருப்பாரா? உணர்ந்திருந்தால் அதைத் தடுக்க நடவடிக்கை எடுத்திருப்பாரா? எடுத்திருப்பார் என்றால், நீங்கள் எடுத்தீர்களா? இவ்வளவுதான். கணக்கில் வருவது 8.30 மணிக்கு உங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தவை. 2 மணிக்கு நடந்தது அதில் சேராது.

8.30க்கு என்ன இருந்தது? இந்தக் கரையில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும், முக்கியமாக உங்கள் மாமாவுக்கும், சொல்ல வேண்டியிருக்கிறது. கரையோரமாக ஒரு சின்னத் தாழ்வழுத்தம் கேப் பக்கமிருந்து நம் பக்கம் நகர்ந்து வரும். அது வரும்வரை வடகிழக்குக் காற்று, புழுக்கம், இறங்கும் அழுத்தம். அது கடக்கும்போது காற்று அப்படியே நின்றுபோகும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகிவிடும், விருந்தாளிகள் "ஆஹா, இப்போதுதான் சுகம்" என்பார்கள். அதற்குப் பிறகு தென்மேற்கு வரும். சில நேரம் அரை மணியில், சில நேரம் ஐந்து மணி நேரம் கழித்து. வரும்போது படிப்படியாக வராது, ஒரே அடியாக வரும். அறிக்கையில் "பிற்பகல் 3 மணி" என்று இருந்தால், தாழ்வழுத்தம் அந்த வேகத்திலேயே வந்தால் 3 மணி என்றுதான் அதற்குப் பொருள். "மூன்று மணிவரை பயமில்லை" என்று வானிலைச் சேவை உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

தென்கரையில் இன்னொன்றும் சேர்கிறது. டர்பனுக்குத் தெற்கே கண்டத்திட்டு, அதாவது கரையோரத்து ஆழம் குறைந்த கடலடித் தளம், குறுகிப்போவதால் அகுல்ஹாஸ் நீரோட்டம் கரையை நெருங்கி ஓடுகிறது. அது தென்மேற்கு நோக்கிப் போகிறது, காற்று தென்மேற்கிலிருந்து எதிரே வருகிறது. இரண்டும் மோதும் இடத்தில் அலைகள் உயரமாக மட்டுமில்லாமல், நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். ஏழு எட்டு மீட்டர் படகுக்கு உயரத்தைவிட அந்த நெருக்கம்தான் ஆபத்து. அப்புறம் உங்களுக்குத் துறைமுகம் கிடையாது. அந்த அலையிலிருந்து தப்பி வந்தாலும் கரையில் உடையும் அலைகளைத் தாண்டித்தான் மணலில் ஏற வேண்டும். ஆறு பேருக்கு லைஃப்ஜாக்கெட் மாட்டி, தூண்டில்களைக் கட்டி, ஒரு மணி நேரம் ஓடி, அலைக்கூட்டத்தில் இடைவெளி பார்த்துக் காத்திருந்து ஏறுவதற்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டால், அமைதி விழுந்த நேரமே திருப்ப வேண்டிய நேரம். நீதிமன்றத்தில் என்னிடம் இந்த வழக்கு வந்திருந்தால் உங்களுக்காக வாதாடக் கூச்சமே பட மாட்டேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற நாட்களில் இதே அறிகுறிகளோடு மதியம்வரை இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதால் அந்த நாட்களின் முடிவுகள் சரியாகிவிடாது. ஏதாவது ஒருநாள் விபத்து நடந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நாட்களைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்.

மார்ச், ஏப்ரலில் தென்மேற்குக் காற்று மட்டும் பிரச்சினை இல்லை. மொசாம்பிக் கால்வாயில் எங்கோ ஒரு சூறாவளி நிற்கும், இங்கே வானம் நீலமாக இருக்கும், ஆனால் நீண்ட அலைகள் நாள்கணக்கில் வந்துகொண்டிருக்கும். இரவும் பகலும் சமமாகும் காலத்துப் பெரிய கடல் ஏற்ற இறக்கமும் அதே மாதத்தில் வரும். 2007 மார்ச்சில் அந்த உச்ச ஏற்றமும் புயல் அலையும் ஒன்றாகச் சேர்ந்து நம் கடற்கரைச் சாலைகளையும் சுவர்களையும் என்ன செய்தன என்று உங்கள் மாமாவுக்கு நினைவிருக்கும். 400க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட 2022 வெள்ளமும் ஏப்ரலில்தான். அப்படி மழை பெய்த பிறகு ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே கலங்கல் தண்ணீரில் மரத்துண்டுகள் மிதக்கும், ஒன்று மோதினால் எஞ்சினின் கீழ்க்கால் போய்விடும். ஈஸ்டருக்கு நான்கு நாளும் நிச்சயம் போவோம் என்று மச்சான் வாக்குக் கொடுத்திருந்தால், அது அவர் கையில் இல்லாததைக் கொடுத்த வாக்கு.

போகச் சொன்னால் போக வேண்டுமா?

வேண்டாம். படகு அவருடையது. ஆனால் கடலில் படகுக்கும் ஆட்களுக்கும் பொறுப்பு ஓட்டுநருடையது. கடல் பாதுகாப்பு ஆணையமான சாம்சா தகுதிச் சான்றிதழ் கொடுத்திருப்பது உங்கள் பெயருக்கு. யாராவது இறந்துபோனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குக் கூண்டில் ஏறுவதும் நீங்கள்தான். "முதலாளி சொன்னார்" என்பது அங்கே பதிலாகாது.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். முதலாளியின் சொல்லை மீறியதற்காக ஒருவரை நீக்க வேண்டுமானால், அந்தச் சொல் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்த கடலுக்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகச் சொல்வது அந்த வகையில் வராது. "எனக்கு நியமனக் கடிதமே இல்லை, பயணத்துக்கு இவ்வளவு என்று கையில் வாங்குகிறேன், நான் தொழிலாளியே இல்லையாம்" என்று மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். தொழிலுறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவின்படி, குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர், இன்னொருவரின் கட்டுப்பாட்டில், அவர் கருவிகளைக் கொண்டு, அவருக்காகவே வேலை செய்தால் அவரைத் தொழிலாளி என்றே முதலில் கருத வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் வேலை. உண்மையிலேயே நீக்கிவிட்டால் 30 நாட்களுக்குள் சி.சி.எம்.ஏ. என்ற சமரச ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால் 30 நாள் என்பதைக் குடும்பத்தில் பேசித் தீர்க்கிறோம் என்று கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் மாமாவுக்கு இதில் அவருடைய நலனுக்காகவே தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் 261ஆம் பிரிவு, விபத்து நடந்தால் கலத்தின் உரிமையாளர் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. அந்த வரம்பு கிடைக்க ஒரு நிபந்தனை: விபத்தில் உரிமையாளரின் சொந்தத் தவறோ, தெரிந்து உடன்பட்டதோ இருக்கக் கூடாது. ஓட்டுநர் திரும்பலாம் என்கிறார், உரிமையாளர் ரேடியோவில் "பன்னெண்டு வரைக்கும் இரு" என்கிறார். மற்ற படகுக்காரர்கள் எல்லோரும் அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வரம்பைக் கேட்டு அவர் எந்த முகத்தோடு நிற்பார்? உங்களைத் திரும்ப விடுவது அவருடைய வீட்டையும் கடையையும் காப்பாற்றிக்கொள்ளும் வழி. மருமகன் சொன்னால் ஏறாது என்றால் இந்தப் பத்தியை அப்படியே அவருக்கு அனுப்புங்கள்.

அந்தப் படிவம்

மச்சான் சொன்னது பாதிகூடச் சரியில்லை. உங்கள் வர்ணனையில் என் கண்ணில் நின்றது, இருட்டில் டிராக்டரின் பானெட் மேல் படிவங்களை வைத்து, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், உப்பு ஈரத்தில் ஊறிய காகிதத்தில் பேனா எழுதாமல் ஒருவர் மாற்றி ஒருவர் கிறுக்கிவிட்டுப் போகும் காட்சி. "படிச்சுப் பாக்கணும்னு யாரும் கேட்டதே இல்லை" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவு என்ன கேட்கிறது? பொறுப்பைக் குறைக்கும் வாசகம் எளிய மொழியில் இருக்க வேண்டும். கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒப்பந்தம் செய்வதற்கும் பணம் கொடுப்பதற்கும் முன்பே அவர் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். பலத்த காயமோ மரணமோ நேரக்கூடிய செயல் என்றால் அந்த வாசகத்துக்குத் தனியாகக் கையெழுத்தோ சுருக்கொப்பமோ வேண்டும். உங்கள் ஆட்கள் மூன்று வாரம் முன்பே முன்பணம் கட்டிவிட்டார்கள். படிவத்தை நீட்டுவது கடற்கரையில். காலம் கடந்த அறிவிப்பு.

எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தாலும், 51ஆம் பிரிவின்படி மிகைக் கவனக்குறைவுக்கான பொறுப்பை எந்தக் காகிதமும் துடைக்காது. எச்சரிக்கை இருப்பது தெரிந்தும் இறங்கியது, ஒரு எஞ்சின் தகராறு செய்வது தெரிந்தும் போனது போன்றவை அந்தப் பக்கம் சாயும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. இறந்துபோனவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம், அவர் மனைவியும் பிள்ளைகளும் போடவில்லை. தங்களுக்குச் சம்பாதித்துப் போட்ட ஆள் போய்விட்டார் என்று அவர்கள் கேட்கும் இழப்பீடு அவர்களுடைய சொந்த உரிமை.

அதற்காகப் படிவத்தைத் தூக்கி எறியாதீர்கள். முன்பதிவின்போதே, பணம் வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வாங்குங்கள். அதைவிட முக்கியம் காப்பீடு. பாலிசியை எடுத்துப் படியுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுவதற்கு அது பொருந்துகிறதா? உங்கள் ஓட்டுநர் சான்றிதழும் படகின் பாதுகாப்புச் சான்றிதழும் அந்தத் தொழிலுக்கும் அந்தத் தூரத்துக்கும் உரியவையா? சி வகைப் படகு கரையிலிருந்து 15 கடல் மைல்வரை, டி வகை 5 மைல்வரை. டூனா தேடி ஐந்தைத் தாண்டியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்க்கும் இடம் அதுதான். சொந்தப் பொழுதுபோக்குக்கு எடுத்த சான்றிதழை வைத்துக்கொண்டு காசுப் பயணம் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று நம்புகிறேன்.

வருகிறவர்கள் பீர் குடிப்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இறங்குவதற்கு முன் யாரும் குடித்திருக்கக் கூடாது, படகில் குளிர்பெட்டியில் ஐஸும் தண்ணீரும் மட்டும். லைஃப்ஜாக்கெட் போட மறுக்கிறவர் கரையில் நிற்கட்டும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கூலியில் பிடித்தது

இங்கே உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். தரையில் வேலை செய்யும் ஒருவருக்கு, அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு நேரடியாகத் துணை நிற்கும். எழுத்தில் சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது, பிடித்தாலும் சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது என்றெல்லாம். நீங்கள் அதைத்தான் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் வரும் கலங்களில் கடலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. மாமாவின் வக்கீல் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுவார்.

அதனால் உங்கள் கை காலியாகிவிடவில்லை. ஒப்புக்கொண்ட கூலியை, ஒப்பந்தத்தில் இல்லாத காரணம் சொல்லி ஒருதலையாகக் குறைப்பது ஒப்பந்த மீறல். நீங்கள் கவனக்குறைவாக நடந்து நஷ்டம் உண்டாக்கினீர்கள் என்றால் பேச்சு வேறு. இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். ஏழு மணி நேரத்துக்கு விற்ற பயணம் நான்கு மணி நேரத்தில் முடிந்தபோது பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தது நியாயம்தான், அதில் மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தொழிலின் நஷ்டம். நல்ல நாளின் லாபத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்றால், கெட்ட நாளின் நஷ்டத்தில் மட்டும் எப்படிப் பங்கு வரும்?

சிறு உரிமை நீதிமன்றம் 20,000 ரேண்ட்வரை கேட்கும். முதலில் எழுத்தில் கோரிக்கை, 14 நாள் அவகாசம், அப்புறம் சம்மன். மூன்று ஆண்டுவரை காலம் இருக்கிறது. இதைச் சொல்வது அவசரப்பட்டுப் போய்ச் சம்மன் கொடுங்கள் என்பதற்காக இல்லை. இரண்டு வாரக் கூலிக்காக மாமனார்மேல் வழக்குப் போட்டால் உங்கள் மனைவி யார் பக்கம் நிற்பார்? காலம் இருப்பதால் முதலில் மற்றதைச் சரிசெய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உண்மையான கோளாறு முன்பதிவில் இருக்கிறது

நீங்கள் எல்லோரும் வானிலையைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். எனக்கு உங்கள் மச்சானின் வாட்ஸ்அப் செய்திதான் பிரச்சினையாகத் தெரிகிறது. "முன்பணம் எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது. 7 மணி நேரம் உறுதி." இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்துதான் உங்களை மார்ச் மாதக் கடலில் மதியம்வரை நிற்கச் சொல்கின்றன. திரும்பினால் காசு போகும், மானம் போகும், சண்டை வரும் என்று முன்பே எழுதி வைத்துவிட்டு, ஓட்டுநர் துணிந்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 8.30 மணி முடிவு உண்மையில் மூன்று வாரம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

சட்டப்படியும் அந்த வாசகம் நிற்காது. வானிலையால் பயணமே நடக்காவிட்டால், நடக்காத பயணத்துக்குப் பணம் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமையில்லை. முன்பணம், பயணம் நடக்கும்வரை வாடிக்கையாளரின் பணம்போல் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதை எடுத்து எஞ்சின் சர்வீஸ் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கக் காசில்லை என்று கைபிசைவதுதான் பெரும்பாலான சின்னத் தொழில்களில் நடக்கிறது.

நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் சாரம் இப்படி இருக்கும். ஆங்கிலத்தில் எளிமையாக எழுதிக்கொள்ளுங்கள்:

முந்தின நாள் மாலை 6 மணிக்கு ஓட்டுநர் முடிவைச் சொல்வார். வேண்டாம் என்றால் வேறு தேதி அல்லது முழுப் பணம், வாடிக்கையாளர் விருப்பம். விடிகாலையில் கடற்கரையில் நின்று வேண்டாம் என்றாலும் அதேதான். இறங்கிய பிறகு பாதுகாப்புக்காகத் திருப்பினால், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு திரும்பும், நான்கு மணி நேரத்துக்குள் என்றால் பாதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. திருப்புவதா இல்லையா என்பது ஓட்டுநரின் முடிவு மட்டுமே. உரிமையாளரோ வாடிக்கையாளரோ அதை மாற்ற முடியாது.

பங்குகளை உங்கள் செலவைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பணத்துக்குப் பதில் வவுச்சர் கொடுத்தால் மூன்று ஆண்டுவரை அது செல்லும், "ஆறு மாதத்தில் காலாவதி" என்று அச்சடிக்காதீர்கள்.

இதைச் சொன்னால் மாமா "எங்க கட்டுப்படியாகும்?" என்பார். விலையில் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு, கோடைக் கடைசியில் பத்தில் இரண்டு நாள் வானிலையால் வீணாகும் என்று வைத்துக்கொண்டால், எட்டு நாள் வருமானம் பத்து நாள் செலவைத் தாங்க வேண்டும், அதாவது கால்பங்கு கூடுதல். அதைவிட நல்ல வழி, சனிக்கிழமையை மட்டும் விற்காமல் "சனி அல்லது ஞாயிறு, எது நல்ல கடலோ அது" என்று விற்பது. சுமார் 570 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறவர்கள் எப்படியும் இரண்டு இரவு தங்குகிறார்கள். எல்லா வாரமும் ஒரு நாளைக் காலியாக வைக்க முடியாதுதான், ஈஸ்டரில் நிச்சயம் முடியாது. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும் அதே நாட்களில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநில ஆட்களும் வந்து இறங்குகிறார்கள். நான்கு நாளையும் முழுசாக விற்றிருக்கிறீர்கள். குறைந்தது ஒரு நாளையாவது மாற்று நாளாக விட முடியுமா என்று இப்போதே அந்த நான்கு குழுவிடமும் பேசச் சொல்லுங்கள். கடற்கரையில் கோபப்படுகிற அதே ஆள், ஒரு வாரம் முன்பே போனில் கேட்டால் பெரும்பாலும் "நோ ப்ராப்ளம்" என்பார்.

உங்கள் கூலியும் இதே காகிதத்தில் வர வேண்டும். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அந்த நாளுக்கு ஒரு நிலையான தொகை, இறங்கினால் கொஞ்சம் கூடுதல். கூடுதலைப் பெரிதாக்கிவிடாதீர்கள், அப்புறம் மாமா தள்ளிய இடத்துக்கு உங்கள் பையே உங்களைத் தள்ளும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இறங்கும் முன் வானிலை அறிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காற்றழுத்தம், காற்றின் திசை, நேரம் எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். தெற்கே ஈஸ்ட் லண்டனிலும் போர்ட் செயின்ட் ஜான்ஸிலும் மார்கேட்டிலும் காற்று திரும்பிவிட்டதா என்று கரையில் இருக்கும் மச்சான் மணிக்கொரு தரம் பார்த்து ரேடியோவில் சொல்லட்டும். முன்பதிவு வாங்குகிறவருக்கு அந்த வேலையைக் கொடுப்பதில் எனக்கு ஒரு சின்ன உள்நோக்கமும் உண்டு, மார்கேட்டில் 30 நாட் வேகக் காற்று என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். கடல் மீட்பு அமைப்பான என்.எஸ்.ஆர்.ஐ.யின் சேஃப்டிரெக்ஸ் செயலியில் ஒவ்வொரு பயணத்தையும் பதியுங்கள், இலவசம்தான். திரும்பி வர வேண்டிய நேரம் தாண்டினால் கரையில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை போகும்.

மாமாவிடம் பேசும்போது கூலியிலிருந்து தொடங்காதீர்கள். 261ஆம் பிரிவிலிருந்தும் காப்பீட்டிலிருந்தும் தொடங்குங்கள், அது அவருடைய பணம். புதிய முன்பதிவு வாசகத்தை அடுத்து வையுங்கள். கூலி கடைசியில் வரட்டும். தனியாகப் பேசாமல் உங்கள் மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும். ஆறு பேரோடு சேர்ந்து அவருடைய மகளின் புருஷனும் அந்தப் படகில்தான் இருக்கிறான் என்பது அவருக்கு யாரும் விளக்க வேண்டிய விஷயமில்லை. பேசி முடிவானதை அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக, "இன்று பேசியபடி" என்று தொடங்கி, மாமா, மாமியார், மச்சான் மூன்று பேருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பேச்சு முறிந்து வேறு ஆளை வைத்துவிட்டார் என்றால், அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அன்றிலிருந்துதான் 30 நாள்.